'நீயும் உன் வீட்டாரும்': இரட்சிப்பைப் பற்றிய ஒரு போதனையை முழு வேதத்தோடும் ஒத்துப்பார்ப்பது எப்படி?

எங்கள் வீட்டு முன்னறையில் பல வருஷம் ஒரே வசனம்தான் சுவரில் இருந்தது. "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்" (அப்போஸ்தலர் 16:31). புதுவருஷ ஆராதனையில் அம்மாவுக்கு வாக்குத்தத்தமாகக் கிடைத்த அட்டை அது. அப்பா சபைக்கு வராதவர். "நான் விசுவாசிக்கிறேன், அவரும் வந்துவிடுவார்" என்று அம்மா உறுதியாக நம்பியிருந்தார். அப்பா வராமலே இறந்துபோனார். அடக்கம் முடிந்த வாரமே ஓர் ஊழியர் வீட்டுக்கு வந்து, "உங்க விசுவாசம் போதவில்லை சிஸ்டர், இல்லாவிட்டால் வசனம் பொய்யாகுமா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அம்மா அந்த அட்டையை ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை.

ஒருவர் விசுவாசித்தால் குடும்பம் முழுவதும் நிச்சயமாக இரட்சிக்கப்படும் என்பது உண்மையில் வேதம் சொல்வதுதானா? ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்து பார்த்தேன். அப்போது செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நீங்கள் கேட்ட வேறு எந்தப் போதனைக்கும் இதே வழியைப் பின்பற்றலாம்.

போதகர் சொன்னதைச் சோதிப்பது பாவமா என்று தயங்குகிறவர்கள் அப்போஸ்தலர் 17:11-ஐ முதலில் வாசியுங்கள். பெரோயா ஊரார் சோதித்தது சாதாரணப் பிரசங்கியை அல்ல, பவுலையே. "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து" பார்த்தார்கள். அதற்காக, இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா அவர்களை நற்குணசாலிகள் என்கிறார். "தினந்தோறும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே ராத்திரியில் முடிகிற வேலை இல்லை இது.

தேவையானவை: ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, பென்சில். ஒத்தவாக்கியங்கள் (அதே விஷயத்தைப் பேசும் மற்ற வசனங்களின் குறிப்புகள்) போட்ட வேதாகமமாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் செல்போனில் உள்ள வேதாகம ஆப்பின் தேடல் வசதி போதும். இன்னொரு மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும். நம் பழைய மொழிபெயர்ப்பில் 'இரட்சிப்பு' என்றிருப்பது 1995-இல் வந்த திருவிவிலியத்தில் 'மீட்பு' என்றிருக்கும். ஒன்றில் புரியாதது மற்றதில் புரியும்.

படி 1: போதனையை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

பிரசங்கம் ஒரு மணி நேரம் ஓடலாம். அதில் சோதிக்க வேண்டியது ஒரு வாக்கியம்தான். நான் எழுதியது: "ஒரு வீட்டில் ஒருவர் விசுவாசித்தால், அந்த வீட்டார் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் வாக்குக் கொடுத்திருக்கிறார்."

சொன்னவரை எதிரியாக்கி எழுதாதீர்கள். அவரிடம் காட்டினால் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று அவரே ஒத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

படி 2: வசனத்தை அதன் வீட்டிலேயே வைத்துப் படியுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டவை. லூக்கா எழுதும்போது 31 என்றொரு தனி வசனம் இருக்கவில்லை. அவர் சொன்னது ஒரு முழுக் கதை. அதில் ஒரு வரியை வெட்டி அட்டையில் ஒட்டியது நாம்.

அப்போஸ்தலர் 16-ஐ 16-ஆம் வசனத்திலிருந்து 40 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். இடம் மக்கெதோனியாவில் உள்ள பிலிப்பி பட்டணம். பவுலும் சீலாவும் அடிபட்டு, சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டுக் கிடக்கிறார்கள். நடுராத்திரியில் பூமி அதிர்ந்து கதவுகள் திறக்கின்றன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துப் பட்டயத்தை உருவித் தன்னையே கொல்லப் போகிற ஒரு சிறைச்சாலைக்காரன், நடுங்கிக்கொண்டு வந்து, "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்" என்று கேட்கிறான். அவனுக்குச் சொன்ன பதில்தான் 31-ஆம் வசனம்.

இப்போது 32: "அவனுக்கும் அவன் வீட்டிலிருந்த அனைவருக்கும் கர்த்தருடைய வசனத்தைப் போதித்தார்கள்." பிறகு அவன் காயங்களைக் கழுவுகிறான், எல்லாரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள், 34-இல் வீட்டார் அனைவரோடுங்கூட மகிழ்ச்சி. அட்டையில் இல்லாத ஒன்று கதையில் இருக்கிறது. வீட்டார் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவர்களுக்கு இரட்சிப்பு வரவில்லை. அந்த ராத்திரியிலேயே அவர்களும் எழுந்து வந்து வசனத்தைக் கேட்டார்கள்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சும், அதை மறைக்கக் கூடாது. 'விசுவாசி' என்பது ஒருமை, 'இரட்சிக்கப்படுவீர்கள்' என்பது பன்மை. ஒருவன் விசுவாசிக்க, பலர் இரட்சிக்கப்படுவதாகத்தானே தமிழில் இருக்கிறது? அந்த ஊழியரின் போதனைக்கு வேர் இதுதான். கிரேக்க மூலத்தில் இரண்டு வினைச்சொற்களுமே ஒருமை. "விசுவாசி, நீ இரட்சிக்கப்படுவாய், நீயும் உன் வீட்டாரும்" என்கிற அமைப்பு. உனக்குத் திறந்திருக்கும் இதே வழி உன் வீட்டாருக்கும் திறந்திருக்கிறது என்று அதை வாசிக்க நன்றாகவே இடமுண்டு. அதற்காக இலக்கணத்தை மட்டும் நம்பி முடிவு கட்டிவிடாதீர்கள். 34-ஆம் வசனத்திலும் "வீட்டார் அனைவரோடுங்கூட" என்பது விசுவாசத்தோடு சேருமா, மகிழ்ச்சியோடு சேருமா என்று இரண்டு விதமாகவும் கேட்கலாம். ஒரே பகுதியை வைத்து முடிவுக்கு வர முடியாதபோதுதான் மற்றப் பகுதிகள் வேண்டியிருக்கின்றன.

படி 3: இதே மாதிரி நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் சேருங்கள்

'வீட்டார்' என்று ஆப்பில் தேடுங்கள். புதிய ஏற்பாட்டில் குடும்பத்தோடு விசுவாசத்துக்குள் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, வீட்டார் என்ன செய்தார்கள் என்று குறியுங்கள்.

கொர்நேலியு (அப்போஸ்தலர் 10): தன் வீட்டாரனைவரோடும் தேவனுக்குப் பயந்தவன். வசனத்தைக் கேட்ட யாவர்மேலும் ஆவியானவர் இறங்கினார். கிறிஸ்பு (18:8): தன் வீட்டார் அனைவரோடும் கர்த்தரிடத்தில் விசுவாசமுள்ளவனானான். இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை, வீட்டாரும் விசுவாசித்தார்கள். ராஜாவின் மனுஷன் (யோவான் 4:53): அவனும் அவன் வீட்டாரும் விசுவாசித்தார்கள். ஸ்தேவான் வீட்டார் (1 கொரிந்தியர் 16:15): ஊழியத்துக்குத் தங்களையே ஒப்புவித்தவர்கள்.

லீதியாள் (அப்போஸ்தலர் 16:14, 15) மட்டும் வித்தியாசம். அவள் இருதயத்தைக் கர்த்தர் திறந்தார், வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். வீட்டாரின் விசுவாசத்தைப் பற்றி லூக்கா ஒன்றும் சொல்லவில்லை. 'சொல்லவில்லை' என்றே எழுதுங்கள். சொல்லாததை உங்கள் பக்கம் சாட்சிக்கு இழுக்காதீர்கள். குழந்தை ஞானஸ்நானம் பற்றிச் சபைகளுக்குள் இருக்கும் பெரிய விவாதம் இந்த இடத்தில்தான் கிளைவிடும். அது வேறு நோட்டு, இப்போது அதற்குள் போக வேண்டாம்.

படி 4: எதிராகத் தோன்றுவதைத் தேடிப் போங்கள்

நமக்குப் பிடித்த வசனங்களை மட்டும் சேர்த்தால் அது சோதனை ஆகாது. போதனை சரி என்றால் எந்த வசனங்கள் இருக்க முடியாது என்று கேட்டுக்கொண்டு அவற்றைத் தேடுங்கள்.

எனக்கு முதலில் கிடைத்தது லூக்கா 12:52. ஒரே வீட்டில் ஐந்துபேர் பிரிந்திருப்பார்கள், மூன்றுபேருக்கு விரோதமாய் இரண்டுபேர். சொன்னவர் இயேசு. அடுத்து யோவான் 7:5: "அவருடைய சகோதரரும் அவரை விசுவாசியாதிருந்தார்கள்." இந்த வசனத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது என் குரல் உடைந்துபோனது. வீட்டார் விசுவாசிக்காததற்கு நம் விசுவாசக் குறைவுதான் காரணம் என்றால், இயேசுவின் வீட்டைப் பற்றி என்ன சொல்வது? (அதே சகோதரர் அப்போஸ்தலர் 1:14-இல் மேல்வீட்டில் ஜெபிக்கிறார்கள். இதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.)

எல்லாவற்றிலும் நேரடியானது 1 கொரிந்தியர் 7:16. "மனைவியானவளே, நீ உன் புருஷனை இரட்சிப்பாயோ இல்லையோ உனக்கு எப்படித் தெரியும்?" பிலிப்பியில் அந்தப் பதிலைச் சொன்ன அதே பவுல்தான் இதையும் எழுதுகிறார். பிலிப்பியில் சொன்னது எல்லா வீட்டுக்கும் உத்தரவாதமாக இருந்திருந்தால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கவே மாட்டார்.

பழைய ஏற்பாட்டில், எரிகோவில் இஸ்ரவேலின் வேவுகாரரை ஒளித்துவைத்த ராகாப் கதையைப் பாருங்கள் (யோசுவா 2:18, 19). அவள் குடும்பத்தார் அனைவருக்கும் அடைக்கலம் உண்டு, ஆனால் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியே போகிறவனுடைய இரத்தப்பழி அவன் தலையின்மேல். சோதோம் அழியப்போகிறது என்று லோத்து தன் மருமக்களை எச்சரித்தான், அவர்களுக்கு அது பரியாசமாகப் பட்டது (ஆதியாகமம் 19:14).

இங்கே ஓர் எச்சரிக்கை. எசேக்கியேல் 14-இல், நோவா, தானியேல், யோபு இருந்தாலும் தங்கள் குமாரனையோ குமாரத்தியையோ தப்புவிக்கமாட்டார்கள் என்று இருக்கிறது. கண்டதும் சந்தோஷமாக எழுதிவைத்தேன். பிறகு அதிகாரத்தை முழுவதும் வாசித்தால், அது தேசத்தின்மேல் வருகிற பஞ்சம், பட்டயம், கொள்ளைநோய் பற்றியது. நித்திய இரட்சிப்பைப் பற்றி நேராகப் பேசவில்லை. அடுத்தவர் வசனத்துக்குப் போட்ட விதியை என் வசனத்துக்கும் போட வேண்டுமல்லவா? அடைப்புக்குறிக்குள் போட்டு, 'துணை மட்டும்' என்று குறித்தேன்.

படி 5: சொல்லின் பொருளைச் சரிபாருங்கள்

'இரட்சிப்பு' எல்லா இடத்திலும் ஒரே பொருளில் வராது. யாத்திராகமம் 14:13-இல் அது எகிப்தியர் கையிலிருந்து தப்புவது. மத்தேயு 9:22-இல் பெரும்பாடுள்ள ஸ்திரீக்கு நோயிலிருந்து விடுதலை. எபிரெயர் 11:7-இல் நோவா தன் குடும்பத்தை இரட்சிக்கப் பேழை செய்தது ஜலப்பிரளயத்திலிருந்து காக்க.

பழைய தமிழும் சில இடங்களில் தடுமாற வைக்கும். ரோமர் 10:17-இல் "விசுவாசம் கேள்வியினாலே வரும்" என்பதைப் பார்த்து, கேள்வி கேட்டால் விசுவாசம் வரும் என்று புரிந்துகொண்ட இளைஞர்களைச் சந்தித்திருக்கிறேன். அங்கே 'கேள்வி' என்றால் காதால் கேட்பது. சிறைச்சாலைக்காரன் வீட்டார் செய்ததும் அதுதான்.

படி 6: வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள்

போதனை முழுவதும் தவறு என்று கோடு போட்டு அடிப்பது சுலபம். வேதம் அப்படி விடுவதில்லை. "வாக்குத்தத்தமானது உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்" என்றும் (அப்போஸ்தலர் 2:39), விசுவாசியாத புருஷன் மனைவியால் பரிசுத்தமாக்கப்படுகிறான் என்றும் (1 கொரிந்தியர் 7:14), போதனையின்றி மனைவியின் நடக்கையினாலேயே ஆதாயப்படுத்திக்கொள்ளப்படலாம் என்றும் (1 பேதுரு 3:1) இருக்கிறது. தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் நிலைத்திருந்தது. குடும்பம் தேவனுக்கு முக்கியமான வழி.

என் நோட்டில் கடைசியாக நின்ற வாக்கியம் இது: "ஒருவர் விசுவாசிக்கும்போது அந்த வீட்டுக்குச் சுவிசேஷத்தின் கதவு திறக்கிறது. வீட்டார் ஒவ்வொருவரும் அதே விசுவாசத்தினால் இரட்சிக்கப்படுவார்கள். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் விசுவாசிக்க முடியாது."

படி 7: வேதம் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள்

தனியாகப் படிக்கிறவருக்குத் தன் தவறு தெரியாது. பொறுமையாகக் கேட்கிற போதகரோ, வேதபாட வகுப்பு நடத்தும் அக்காவோ, யாராவது ஒருவரிடம் நோட்டைக் கொடுத்து, "எதை விட்டுவிட்டேன்?" என்று கேளுங்கள். எசேக்கியேல் விஷயத்தில் என்னைத் திருப்பி வாசிக்கச் சொன்னது அப்படி ஒருவர்தான்.

நான் அம்மாவிடமும் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வசனமாகத் தன் வேதாகமத்தில் எடுத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. "அப்போ இது என் தப்பு இல்லையாடா?" என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் பழக, இன்னொரு போதனை: "விசுவாசித்தால் போதும், எப்படி வாழ்ந்தாலும் இரட்சிப்புக்கு ஒன்றும் ஆகாது." எபேசியர் 2:8, 9-ஐ அட்டையில் பார்த்திருப்பீர்கள், 10-ஐயும் சேர்த்து வாசியுங்கள். பிறகு ரோமர் 3:28, ரோமர் 6:1, 2, யாக்கோபு 2:14 முதல் 26 வரை. பவுலும் யாக்கோபும் ஆபிரகாமையே உதாரணம் காட்டுகிறார்கள். இருவரும் ஆதியாகமம் 15:6-ஐ மேற்கோள் காட்ட, யாக்கோபு மட்டும் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்த 22-ஆம் அதிகாரத்தையும் எடுக்கிறார். அந்த இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவே எத்தனை வருஷம் என்று கணக்கிட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.