ஹெராயின் பயன்பாட்டு வரலாற்றைக் கேட்டறியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எத்தனை வருஷமாக எடுக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு "இருபது வருஷம்" என்று பதில் வந்ததும், அதைத் தாளில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவதே மிகப் பெரிய தவறு. அந்த இருபது ஆண்டுகளுக்குள் சிறையில் கழிந்த மாதங்கள், ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கப்படும் மெத்தடோன் என்ற மருந்தின் சிகிச்சையில் நிலைத்திருந்த காலம், முற்றிலும் விட்டிருந்த நாட்கள், மறுபடியும் தொடங்கிய நாள் என எல்லாமே அடங்கியிருக்கும். கலிபோர்னியாவில் 1960களின் தொடக்கத்தில் கட்டாயச் சிகிச்சையில் சேர்க்கப்பட்ட 581 ஆண்களை 33 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதிப்பேர் இறந்திருந்தனர். பல ஆண்டுகள் விட்டிருந்தவர்களிலும் சிலர் மீண்டும் அதற்கே திரும்பியிருந்தனர்.

இடைவெளிகளை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? எடுக்காமல் இருக்கும் காலத்தில் உடலின் தாங்குதிறன் வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் பழைய அளவு மட்டும் மனத்தில் அப்படியே நிற்கிறது. சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் மரண ஆபத்து மிகவும் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே எப்போது விட்டார், எதனால் விட்டார், திரும்பத் தொடங்கியபோது எவ்வளவு எடுத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். தேதிகள் நினைவில் இருக்காது என்பதால், குழந்தை பிறந்தது, வீடு மாறியது, வேலை போனது போன்ற நிகழ்வுகளை நாட்காட்டியில் குறித்து, அவற்றைச் சுற்றிக் கேட்டால் நினைவு தானாகத் திரும்பும்.

"வேறு ஏதாவது எடுப்பதுண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்ற பதிலே வரும். மதுவையும், மருத்துவர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையையும், நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரீகாபலினையும் பலர் போதைப்பொருளாகவே எண்ணுவதில்லை. ஆனால் ஹெராயினுடன் சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடக்கூடியவை இவையே. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஊசியைப் பற்றிய கேள்வியும் இப்படித்தான்: ஊசியைப் பகிர்ந்ததில்லை என்று உண்மையாகவே சொல்பவர் ஹெராயினைக் கரைக்கும் கரண்டியையும் வடிகட்டும் பஞ்சையும் தண்ணீரையும் பகிர்ந்திருக்கலாம், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி அவ்வழியாகவும் பரவும்.

கடைசியாக எடுத்த நேரத்தைக் கேட்கும்போது, எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹெராயின் எடுத்துக் குறைந்தது 12 மணி நேரமாவது கழிந்து, அதை நிறுத்தியதால் வரும் விலகல் அறிகுறிகள் தெளிவாகத் தெரிவதற்கு முன், மாற்று மருந்தான பியூப்ரெனார்பினைக் கொடுத்தால், அதே மருந்து கடுமையான விலகல் வேதனையைத் திடீரென உண்டாக்கக்கூடும். சிகிச்சை சீக்கிரம் கிடைக்கட்டும் என்று எடுத்து அதிக நேரமாகிவிட்டதாகச் சொல்பவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு யாரும் இதை விளக்கியிருக்க மாட்டார்கள். சிறுநீர்ப் பரிசோதனையைப் பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவியாகப் பயன்படுத்துவதும் தவறு. ஹெராயின் உடலில் சிதைந்து உருவாகும், அதற்கே உரிய வளர்சிதைப்பொருள் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் மறைந்துவிடும்; அபினி சார்ந்த பொருள்களைத் தேடும் வழக்கமான ஓபியேட் பரிசோதனை, செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஃபென்டனைலைப் பொதுவாகக் காட்டுவதே இல்லை.

பெற்றோரோ காவலரோ அருகில் இருக்கும்போது கேட்டுப் பெறும் வரலாற்றை நம்பி மருந்தின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது. தனியாக அமர்த்தி, எழுதுவதை யார் யார் படிப்பார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

அளவு மீறி மயங்கியதுண்டா, அப்போது உடன் யார் இருந்தார்கள், எப்படி உயிர் பிழைத்தார் என்ற கேள்விகளைக் கடைசியில் அவசர அவசரமாகக் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒருமுறை அப்படி மயங்கியவருக்கு அது மீண்டும் நேரும் வாய்ப்பு அதிகம். ஆகவே அவர் கிளம்புவதற்கு முன்பே ஹெராயினின் விளைவை முறிக்கும் மருந்தான நாலொக்சோனைக் கையில் கொடுத்து, உடன் வாழ்பவருக்கும் அதைச் செலுத்தும் முறையைக் காட்டிவிட வேண்டும்.