பேச்சு, எழுத்து, களப்பணி: இதையே வாழ்க்கையாக எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுயமுன்னேற்றப் பயிற்சி, எழுத்து, சமூகப் பணி மூன்றையும் சேர்த்து முழுநேர வேலையாகச் செய்ய நினைப்பவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல விஷயம். ஆனால் நான் பார்த்தவரை பலரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: யாருக்காக வந்தோமோ அவர்களை ஓரமாக நிறுத்திவிட்டு நாம் நடுவில் போய் நின்றுகொள்வது. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

அடுத்தவர் கதையை எழுதுவதில் நடக்கும் தவறு எனக்கு இன்றும் வலிக்கிறது. எழுத வந்த புதிதில், வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருந்த ஓர் அக்காவின் கதையை எழுதினேன். பெயர், வயது, வேலை எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "பேரை மாத்திட்டீங்க, சரி. நீலக் கதவையும் வாசல்ல கிடக்கிற தையல் மெஷினையும் அப்படியே எழுதிட்டீங்களே தம்பி, தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றார். அந்தக் கட்டுரையில் நான் ரொம்பப் பெருமைப்பட்ட வரி அந்த நீலக் கதவுதான். அப்புறம் பழக்கத்தையே மாற்றிக்கொண்டேன். எழுதி முடித்ததும் சம்பந்தப்பட்டவருக்கு முழுதாக வாசித்துக் காட்டுகிறேன், அனுமதியை இரண்டு முறை கேட்கிறேன், அவர் கதையைச் சொல்லும்போது ஒரு முறை, எழுதியதைக் கேட்ட பிறகு ஒரு முறை. துக்கத்தில் இருப்பவர், காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைத்த நிம்மதியில் எதற்கும் தலையாட்டிவிடுவார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது முறை வேண்டாம் என்றால் அந்தக் கட்டுரை வேண்டாம், அவ்வளவுதான்.

எல்லாக் கஷ்டத்துக்கும் மனநிலைதான் காரணம் என்று பேசுவது இன்னொரு பெரிய தவறு. மூன்று மாதமாகச் சம்பளம் வராதவரிடம் அதிகாலையில் எழுந்திருங்கள், நேர்மறையாக யோசியுங்கள் என்றால் அவர் மனதில் குற்ற உணர்ச்சிதான் ஏறும். அவருக்குத் தேவை வேலைக்கு வந்ததற்கான ஆதாரம், அதே நிலையில் இருக்கும் நாலு பேர், தேதி போட்டு ஒரே கோரிக்கையைத் தெளிவாகச் சொல்லும் ஒரு மனு. சுயமுன்னேற்றம் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்த மனுவை அதிகாரி முன்னால் குரல் நடுங்காமல் இரண்டு நிமிடம் எடுத்துச் சொல்ல அவருக்குப் பயிற்சி கொடுக்கிறோம் பாருங்கள், அதைவிடப் பெரிய சுயமுன்னேற்றம் எனக்குத் தெரியாது. மனு எழுதுவதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும் எழுத்தாளர் வேலை இல்லை என்று ஒதுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

உணர்ச்சிகரமாகப் பேசினால் மாற்றம் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் 1955-ல் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு என்றதும் நமக்கு மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சு நினைவுக்கு வரும். ஆனால் பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதான அன்று ராத்திரியோடு ராத்திரியாகப் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களை அச்சடித்தவர் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை. அவருடைய பெண்கள் அமைப்பு 1946-லேயே உருவானது, புறக்கணிப்பு வரலாம் என்று முந்தைய ஆண்டே மேயருக்குக் கடிதமும் போயிருந்தது. 381 நாள் மக்கள் பேருந்தில் ஏறாமல் இருந்தார்கள் என்றால், தினமும் அவர்களை வேலைக்குக் கொண்டுபோய் விட யாரோ கார்களை ஏற்பாடு செய்துகொண்டே இருந்தார்கள் என்று அர்த்தம். யார் எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்ற பட்டியல் போடும் அந்த வேலைக்கு யாரும் கைதட்டுவதில்லை, ஆனாலும் போராட்டம் நின்றது அதன் மேல்தான்.

பண விஷயத்தில் ஒன்றே ஒன்று. பயிற்சிக்கு வாங்கும் கட்டணமும் மக்கள் தந்த நன்கொடையும் ஒரே கணக்கில் கலக்கவே கூடாது, ஒரு நாள்கூட.

உடம்பையும் மனதையும் தேய்த்துக்கொள்வதைத் தியாகம் என்று நினைக்காதீர்கள். வேலையே ஆளைத் தின்று உடம்பும் மனமும் முழுதாகச் சோர்ந்துபோவதைக் குறிக்கும் 'பர்ன் அவுட்' என்ற சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். 1974-ல் அதைப் பற்றி அவர் எழுதியது, இலவச மருத்துவமனைகளில் தொண்டு செய்தவர்கள் சோர்ந்து விழுவதைக் கூடவே இருந்து பார்த்துவிட்டு. அக்கறை அதிகம் உள்ளவர்கள்தான் முதலில் விழுகிறார்கள். எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். அதைவிட, உதவி கேட்டு வருகிறவர் மேலேயே ஒரு வெறுப்பு வரத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு ஓய்வெடுங்கள்.

நீங்கள் ஆறு மாதம் இல்லாவிட்டால் கூட்டம் நடக்குமா? நடக்காது என்றால் இந்த வாரமே வருகைப் பதிவேட்டையும் தொலைபேசி எண்கள் உள்ள நோட்டையும் இன்னொருவர் கையில் கொடுங்கள். அடுத்த கூட்டத்தை அவர் நடத்தட்டும், நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள்.