ஹால் புத்தக அலமாரி: தோட்டத்து டவுன் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் நம் வீடுகளில் ஹால் அலமாரிக்கு நல்ல நேரம் பிறக்கும். கண்ணாடியைத் துடைத்து, பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளை முன்வரிசையில் நிறுத்தி, புத்தகங்களை உயரம் பார்த்து இறுக்கி அடுக்கி வைத்தால் வருகிறவர்கள் கண்ணுக்கு அம்சமாகத்தான் இருக்கும். நாலைந்து மாதம் கழித்துக் கதவைத் திறந்தால் புழுங்கல் வாடை அடிக்கும். அட்டைகளில் சாம்பல் நிறப் பொட்டு. தாள்களின் ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும்.

இணையத்தில் பார்த்துப் பார்த்து நாம் ஆசைப்படும் அலமாரிகள் பெரும்பாலும் குளிர்ந்த, வறண்ட ஊர்களில் எடுத்த படங்கள். மலேசியாவில், நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ இரவு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். 65 விழுக்காட்டுக்கு மேல் நாள் கணக்கில் நின்றாலே தாளில் பூசணம் பிடிக்கும். அதனால் இங்கே அலமாரி அடுக்கும்போது முதல் கேள்வி காற்று எந்த வழியாகப் போய் வரும் என்பதுதான். அழகு அதற்குப் பிறகு.

சுவரைப் பார்க்காமல் இடம் பிடிப்பது

ஹாலில் நீளமான வெற்றுச் சுவர் எதுவோ அங்கே அலமாரியைத் தள்ளி ஒட்டிவிடுகிறோம். தாமான் எனும் வரிசைக் குடியிருப்பு வீடுகளில் அந்தச் சுவரின் மறுபக்கம் பல நேரம் குளியலறையாக இருக்கும். வரிசையின் கடைசி வீடு என்றால் மழை நேராக அடிக்கும் வெளிச்சுவராக இருக்கும். இரண்டுமே ஈரம் ஊறும் சுவர்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை போதும். ஓர் அடிச் சதுர அலுமினியத் தாளை, சமையலுக்கு வாங்குவதே போதும், சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். சுவரைத் தொட்ட பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்த இடம் புத்தகத்துக்கு ஆகாது. ஹால் பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். இடைவெளியும் காற்றோட்டமும் கொடுத்துச் சமாளிக்கலாம்.

நல்ல சுவராக இருந்தாலும் அலமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே 5 செ.மீ. விட வேண்டும். இடைவெளி விட்டால் அலமாரி ஆடாதா என்றால், ஆடும். அதே 5 செ.மீ. தடிமனுள்ள மரக்கட்டையை மேல்மூலைகள் இரண்டிலும் இடையில் கொடுத்து, எல் வடிவ இரும்பால் சுவரோடு பிணைத்துவிட வேண்டும். செங்கல் சுவருக்கு டிரில் செய்து பிளாஸ்டிக் பிளக் போட்டு ஸ்க்ரூ இறக்குங்கள். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்துப் பலகை வீடு என்றால் பலகையில் மட்டும் ஸ்க்ரூ போட்டால் பிடிக்காது. பலகைச் சுவரில் ஆணித் தலைகள் மேலிருந்து கீழே ஒரே கோட்டில் ஓடும் இடத்தைத் தேடுங்கள். அதன் பின்னால்தான் சட்டம் இருக்கிறது. சின்னப் பிள்ளை கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறும் வீட்டில் இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

நாக்கோ ஜன்னல் பக்கமும் வேண்டாம். கண்ணாடி இலைகளை எவ்வளவு இழுத்து மூடினாலும் சாரல் உள்ளே வரும். மேற்கு ஜன்னலாக இருந்தால் மாலை வெயில் ஓரிரு வருடத்திலேயே புத்தக முதுகுகளை வெளுக்க வைத்துவிடும். சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும்.

கரையானுக்கு நாமே வழி போட்டுக் கொடுப்பது

பல தாமான்கள் பழைய ரப்பர் காட்டை அழித்து எழுந்தவை. மண்ணுக்கடியில் வேரும் அடிக்கட்டையும் மக்கிக் கிடக்கும். பால்மரத்தையே, அதாவது உயிருள்ள ரப்பர் மரத்தையே, தின்று சாய்க்கும் கரையான் இனங்கள் உள்ள மண் இது. தரையோடு ஒட்டிய அலமாரியும், அதன் பின்னால் செருகி வைத்த பழைய அட்டைப்பெட்டிகளும் அதற்கு விருந்து. அலமாரி 4 அங்குலக் காலில் நிற்கட்டும், அடியில் எதுவும் வேண்டாம். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். பென்சில் தடிமனில் மண் கோடு ஏறியிருந்தால் உடனே சமையலறைப் பூச்சி மருந்தை எடுத்து அடித்துவிடாதீர்கள். அந்த இடத்தில் நடமாட்டம் நிற்கும், கூடு அப்படியே இருக்கும், கரையான் வேறு வழியில் ஏறும். கோட்டைக் கலைக்காமல் கரையான் ஒழிப்பவரை வரவழைத்தால் அவர் அந்த வழியிலேயே இரை வைத்துக் கூட்டை அழிக்க முடியும்.

உள்ளூர் தச்சரிடம் ரப்பர் மரப் பலகையில் அலமாரி செய்பவர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: பலகைக்கு போரான் மருந்து ஏற்றியிருக்கிறதா? ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்து ஏறாத பலகையில் வண்டு குடியேறி, குண்டூசித் துளைகள் வழியே முகப்பவுடர் போல மாவைக் கொட்டும். மருந்து ஏற்றிய பலகை நன்றாக உழைக்கும். 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாக இன்னும் அங்கே நிற்கிறது. அந்தச் சாதி மரம் இன்று நம் ஹாலில் புத்தகம் தாங்குவது பொருத்தம்தான்.

எடையைக் கணக்கில் எடுக்காதது

சாதாரண நாவல், கட்டுரை நூல் அளவில் ஓர் அடி நீளத்துக்கு அடுக்கினால் 6 முதல் 7 கிலோ வரும். பிள்ளைகளின் பெரிய அளவுப் பயிற்சி நூல்கள் என்றால் 11, 12 கிலோ. வழவழத் தாளில் அச்சான கலைக்களஞ்சியம் அதற்கும் மேலே போகும். 3 அடித் தட்டை நிரப்பினால் 20 கிலோவிலிருந்து 35 கிலோ வரை தாங்க வேண்டியிருக்கும்.

கடைகளில் கிடைக்கும் அலமாரிகளில் பெரும்பாலும் 16 மி.மீ. சிப்போர்டுதான். இதற்கு 2 அடி நீளம் சரி. அதே பலகையை 3 அடியாக்கி முழுக்க நிரப்பினால் தொய்வு ஒன்றரை மடங்கு ஆகும் என்று நினைக்கிறோம். உண்மையில் ஐந்து மடங்கு. நீளம் கூடக் கூட வளைவு அப்படித்தான் எகிறும். ஈரம் ஏறிய சிப்போர்டு வளைந்தால் திரும்ப நிமிராது. ஏற்கெனவே 3 அடி அலமாரி வாங்கியாயிற்று என்றால், தட்டின் முன்விளிம்புக்கு அடியில் 1க்கு 2 அங்குலச் சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பசையும் ஸ்க்ரூவும் போட்டுவிடுங்கள். அல்லது நடுவில் ஒரு தாங்கல் கொடுங்கள். கழற்றக்கூடிய தட்டாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குப்புறத் திருப்பிப் போட்டாலே ஓரளவு தப்பிக்கும்.

கனமானவை கீழே, ஆனால் மிகக் கீழே வேண்டாம். மழைத்தண்ணீர் ஏறும் பகுதியில் தரையிலிருந்து முதல் 1 அடிக்குள் புத்தகமே கூடாது. அங்கே பித்தளைப் பாத்திரம் இருக்கட்டும்.

இரண்டு வரிசையாக அடுக்குவது

தட்டின் ஆழம் சுமார் 28 செ.மீ. நம் நாவல்களின் அகலம் 14 செ.மீ. மிச்சமுள்ள 14 செ.மீ. கண்ணை உறுத்துவதால் பின்னால் ஒரு வரிசை, முன்னால் ஒரு வரிசை என்று நிரப்பிவிடுகிறோம். பூசணம் முதலில் பிடிப்பது அந்தப் பின்வரிசையில்தான். ராமபாணப் பூச்சி குடியிருப்பதும் அங்கேதான்.

புத்தகங்களை முன்விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் உள்ளே தள்ளி ஒரே வரிசையாக நிறுத்துங்கள். பின்னால் நழுவாமல் ஒரு மெல்லிய மரச்சட்டம் கொடுத்தால் அதற்குப் பின்னால் காற்று ஓடும் வழி தானே அமைந்துவிடும். அலமாரியின் முதுகு மெல்லிய பலகையாக இருந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் நேராக 5 செ.மீ. வட்டத்தில் இரண்டு ஓட்டை போட்டுக் கொசுவலை ஒட்டலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

இறுக்கமும் தவறு, தளர்ச்சியும் தவறு. இறுக்கினால் முதுகின் மேல்நுனியைப் பிடித்து இழுக்க வேண்டி வரும், அங்கேதான் பைண்டிங் கிழியும். தளர்த்தினால் புத்தகம் சாய்ந்து நின்று நிரந்தரமாகக் கோணும். ஒரு விரல் நுழையும் இடம் விட்டு, கடைசியில் ஒரு தாங்கி வையுங்கள். நடுவில் பின் அடித்த மாத இதழ்களுக்கு முதுகு கிடையாது, தனியாக நிற்காது. இதழ் நிறுத்தும் பெட்டி வேண்டும். படுக்க வைத்து அடுக்குவதானால் ஐந்தாறோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறம் பார்த்து அடுக்குவது பற்றிக் கேட்பவர்கள் உண்டு. படத்துக்கு அழகு, தேடும்போது தலைவலி. முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து அழகு பார்ப்பதற்கோ பதிலே தேவையில்லை.

பாதுகாப்பு என்று நினைத்துச் செய்யும் கெடுதல்

பிளாஸ்டிக் உறை போட்டு செலோடேப்பால் அடைப்பது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பது. டேப்பின் பசை சில வருடத்தில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கும், எடுக்கவே முடியாது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவதும் அப்படித்தான். உருகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பால்வெட்டு பார்த்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. கட்ட வேண்டுமென்றால் பருத்தி நாடா.

பாச்சை உருண்டையை ஹாலில் வைக்கவே வைக்காதீர்கள். அதன் ஆவி பூசணத்தைத் தடுக்காது, தாளில் வாடை தங்கிவிடும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த உருண்டையிலுள்ள நாப்தலின் இரத்த அணுக்களையே உடைத்துவிடும். வாசனைக்கு வசம்பு, கிராம்பு துணிப்பொட்டலம் வைக்கலாம். ஓலைச்சுவடிக் காலத்துப் பழக்கம், புத்தகத்தின் மேல் படாமல் மூலையில் இருந்தால் தொந்தரவில்லை. வேப்பிலை வைப்பதானால் நன்றாகக் காய்ந்தது மட்டும். பச்சை இலை ஈரத்தையும் கறையையும் சேர்த்தே தரும்.

ஈரம் உறிஞ்சும் டப்பா கண்ணாடிக் கதவு போட்ட, மூடிய அலமாரிக்குத்தான் பயன்படும். திறந்த அலமாரியில் அது ஊர்க்காற்றையே உலர்த்தப் பார்க்கும். அடியில் சேரும் உப்புத் தண்ணீர் கொட்டினால் புத்தகம் போனதுதான், அதனால் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்துக்குள் வையுங்கள். கண்ணாடிக் கதவைத் திறந்து காற்றாட விடுவது மழையில்லாத நாளில் நண்பகலிலிருந்து மூன்று மணிக்குள். ஈரப்பதம் குறைவாக இருப்பது அப்போதுதான். மழை விட்ட சாயங்காலக் குளிர்காற்று நமக்கு இதம், தாளுக்கு அல்ல.

பூச்சி கண்ட புத்தகத்தை வெயிலில் காயப் போட்டால் அட்டை வளையும். ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக்கூடாது. வியர்வை பையின் வெளியில் படியட்டும்.

நினைவுப் பொருள்களைத் தயார் செய்யாமல் வைப்பது

தாத்தா பாட்டி காலத்து மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்), பால் வெட்டும் கத்தி, ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி. இவை இருக்கும் வீட்டில் கடையில் வாங்கிய பொம்மை எதற்கு? ஆனால் காட்டிலிருந்து வந்தபடியே வைத்தால் பிரச்சினை.

மங்கின் உட்புறம் மெல்லிய தோலாக ரப்பர் ஒட்டியிருக்கும். மூடிய அலமாரியில் அந்த வாடை புத்தகத்தில் ஏறும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் உரிவதுபோல் உரிந்து வரும். இரண்டு நாள் காயட்டும். மங்கின் அடி குறுகியது, மரத்தில் கம்பியில் உட்காருவதற்காகச் செய்தது. தட்டில் வைத்தால் ஆடும். அடியில் ஒரு பழைய உலோக வளையலைப் போட்டு அதில் உட்கார வைத்தால் அசையாது. பார்ப்பவருக்கும் ஏதோ யோசித்து வைத்த மாதிரி இருக்கும். கத்திக்குத் துரு நீக்கி எண்ணெய் தொட்டு, எண்ணெய் தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டில். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினால் ஓரங்களில் தங்கும் ஈரம்தான் பச்சை பூப்பதற்குக் காரணம். அரை நாள் கவிழ்த்து வைத்துவிட்டு, அடியில் கம்பளித் துண்டு ஒட்டி வையுங்கள். ஏற்றும் விளக்கு, சாம்பிராணி இரண்டுக்கும் இந்த அலமாரியில் இடமில்லை. கரியும் எண்ணெய்ப் பசையும் தாளை விடாது.

பழைய ஸ்டூடியோ படங்களைக் கண்ணாடியோடு ஒட்டி ஃபிரேம் போட்டிருப்பார்கள். ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். புதிதாகப் போடும்போது நடுவில் 2 மி.மீ. மவுண்ட் அட்டை கொடுத்தால் போதும். தாத்தாவின் (நிரந்தரவாசிகளுக்குத் தரும்) சிவப்பு அடையாள அட்டை, சம்பளச் சீட்டு போன்றவற்றின் நகலைத்தான் அலமாரியில் வைக்க வேண்டும். அசல் உறையில், இருட்டில்.

கோப்பைகள் எத்தனை என்பது கௌரவப் பிரச்சினை, தெரியும். ஒரு தட்டில் மூன்று பொருளுக்கு மேல் வைத்தால் ஒன்றும் கண்ணில் நிற்காது. மூன்றில் ஒரு பங்கு இடம் பொருள்களுக்கு, மிச்சம் புத்தகத்துக்கு என்று பிரித்து, பொருள்களுக்குத் தனிக் கட்டம் கொடுங்கள். புத்தகத்தின் முன்னால் நிறுத்தினால் அந்தப் புத்தகத்தை யாரும் எடுக்கப் போவதில்லை. மிஞ்சிய கோப்பைகளை மாற்றி மாற்றி வைக்கலாம்.

எல்லாவற்றையும் இறக்கித் துடைக்கும் நாளாகச் சரஸ்வதி பூஜையை வைத்துக்கொண்டால் மறக்காது. முதுகிலிருந்து வெளிப்பக்கமாக உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். பூசணம் இருந்தால் முகக்கவசம் போட்டு வீட்டுக்கு வெளியே. சந்தனத்தையும் குங்குமத்தையும் அட்டையில் நேராக வைக்கிறோமே, அந்த ஈரப்பொட்டு அங்கேயே கறையாக நிற்கும், பூச்சியையும் அழைக்கும். வெள்ளைத் தாளை நான்கு விரல் அகலத்துக்கு நறுக்கி மேலுள்ள புத்தகத்தின் மீது வைத்து, பொட்டை அதில் வையுங்கள். மறுநாள் விஜயதசமிக்குப் புத்தகத்தை எடுக்கும்போது தாளையும் எடுத்துவிடலாம்.