முதலில் பரணை இறக்குங்கள்

வீட்டில் சாமான் குறைக்க நினைப்பவர்கள் துணி அலமாரியில் தொடங்க வேண்டாம். புடவைக்குப் புடவை ஒரு நினைவு இருக்கும், மனசு அங்கேயே நின்றுவிடும். முதலில் பரண். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்த எவர்சில்வர் டப்பா, தூக்குவாளி, தாம்பாளம் எல்லாவற்றையும் இறக்கித் தரையில் பரப்புங்கள். ஒரே அளவில் ஐந்து இருந்தால் இரண்டு போதும். மிச்சத்தைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டு, தினமும் புழங்குகிற கனமான இட்லிப் பானை ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பெயர் வெட்டிய பித்தளை அண்டாவை மட்டும் நான் தரவில்லை. அது என் மாமியாருக்கு வந்த சீர், அதை எடைபோட எனக்கு மனம் வராது.

கழித்ததைப் போகிக்கு எரிக்கலாம் என்று மூட்டை கட்டாதீர்கள். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தாமதமாயின. நல்ல துணியைத் துவைத்து மடித்து, வேண்டுமா என்று கேட்டுக் கொடுங்கள்.

பிள்ளைகளின் சாமானை அவர்கள் பள்ளிக்குப் போன நேரத்தில் எடுக்கக் கூடாது. எதைக் கொடுக்கலாம் என்று அவர்களே சொல்லட்டும், நேரமானாலும் பரவாயில்லை.

இனி வாங்குவது. ஆடித் தள்ளுபடிக்குப் போகுமுன் தேவையை வீட்டிலேயே எழுதுங்கள். பட்டியலில் இல்லாதது கண்ணில் பட்டால் அடுத்த சம்பளம் வரை பொறுங்கள், பெரும்பாலும் மறந்துபோகும். தீபாவளிக்கு மட்டும் தேவைப்படும் முறுக்கு நாழியை நாத்தனாரிடம் கேட்டு வாங்குங்கள். திருப்பும்போது அதிலேயே பிழிந்த முறுக்கு கொஞ்சம் வைத்துக் கொடுங்கள்.