வருஷ ஜாதகம்: முந்தாவுக்கு முன் சூரிய ஸ்புடம்

தாஜிகம் என்ற ஜோதிட முறையில் வருஷ ஜாதகம், அதாவது ஒரு வயதுக்கான ஆண்டுப் பலன் ஜாதகம் போட, சூரியன் ஜனன ஸ்புடத்தின் (பிறந்தபோது நின்ற துல்லியமான நிலை) அதே பாகை, கலை (பாகையில் 60-ல் ஒரு பங்கு), விகலைக்குத் (கலையில் 60-ல் ஒரு பங்கு) திரும்பும் நேரத்தைப் பிடியுங்கள். பிறந்த தேதியை மட்டும் வைத்துப் போட்டால் எல்லாமே பிசகும். சூரியன் ஒரு கலை நகர ஏறத்தாழ 24 நிமிடம்; அதற்குள் லக்னம் சுமார் 6 பாகை ஓடிவிடும். ஜனனத்துக்கு வாக்கியம், வருஷத்துக்குத் திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கக் கணித முறைகளைக் கலப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அயனாம்சமும் (ராசிச் சக்கரத்தின் தொடக்கத்தைச் சரிசெய்யும் பாகைத் திருத்தம்) இரண்டுக்கும் மாறக்கூடாது.

முந்தா என்பது ஜனன லக்னத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு ராசி நகரும் புள்ளி. அதற்கு, முடிந்த வயதோடு ஜனன லக்ன ராசி எண்ணைக் கூட்டி 12-ஆல் வகுங்கள். மேஷ லக்னம், 40 முடிந்தவர்: 41, மீதி 5, சிம்மம். மீதி இல்லையென்றால் மீனம். வருஷ லக்னத்துக்கு 9, 10, 11-ல் முந்தா நின்றால் சிறப்பு. 4, 6, 7, 8, 12-ல் சிரமம்.

வர்ஷேசனை, அதாவது அந்த வருஷத்தின் அதிபதி கிரகத்தை, அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். அந்தப் பதவிக்குப் போட்டியிடும் ஐந்து அதிகாரிகளில் பலசாலியாக இருந்தாலும், வருஷ லக்னத்தைப் பார்க்காதவருக்கு முதலிடம் கிடையாது.