சோலார் செயலியில் வரைபைப் படித்தல்: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கூரையில் சோலார் பனல் பூட்டிய வீட்டார் முதல் மாதம் முழுவதும் கைபேசிச் செயலியை மணிக்கொரு தடவை திறந்து பார்ப்பதும், அடுத்த மாரி வருவதற்குள் அதன் கடவுச்சொல்லையே மறந்துவிடுவதும் நான் பல வீடுகளில் கண்ட சங்கதி. அந்த ஆர்வம் தணிவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. "இன்று 19.4 அலகு" என்று திரையில் தெரியும் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது நல்ல எண்ணா, கெட்ட எண்ணா என்று தீர்மானிக்க வழியில்லை. நாள் முழுவதும் உற்பத்தி எப்படி ஏறி எப்படி இறங்கியது என்பதைக் காட்டும் வரைபு அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கிறது. அதைப் படிக்கப் பழகியவருக்குக் கூரையில் நடப்பது கீழிருந்தே தெரியும்.

முதலில் கணக்கைச் சரியாக அமைத்துக்கொள்ள வேண்டும். செயலி என்பது பனலைப் பொறுத்ததல்ல, பனலின் நேரோட்டத்தை வீட்டுக்கேற்ற மாற்றோட்டமாக்கும் இன்வேட்டரைப் பொறுத்தது. ஹுவாவே இன்வேட்டருக்கு ஃபியூஷன்சோலார், குரோவாட்டுக்கு ஷைன்போன், சொலிஸுக்கு சொலிஸ்கிளவுட், சன்குரோவுக்கு ஐசோலார்கிளவுட் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலி உண்டு. எங்கள் வீட்டில் சோலார் பூட்டிய நிறுவனம் கணக்கைத் தன்னுடைய மின்னஞ்சலில் திறந்து, பார்க்கும் அனுமதியை மட்டும் எங்களுக்குத் தந்திருந்தது. ஒரு வருடம் கழித்து வைஃபை கடவுச்சொல்லை மாற்றியபோதுதான், எங்கள் கூரையின் தரவு எங்கள் கையில் இல்லை என்பது விளங்கியது. ஆகவே பூட்டும் நாளிலேயே உரிமையாளர் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும் என்றும், நிறுவனத்துக்குப் பார்வையிடும் அனுமதி போதும் என்றும் கண்டிப்பாகக் கேளுங்கள். இன்வேட்டரோடு வந்த கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

கணக்குக்குள் நான்கு விடயங்களைச் சரிபார்க்க வேண்டும். அவற்றுள் முக்கியமானது நேர வலயம். நிறுவும்போது அது சீன நேரத்திலேயே விடப்பட்டிருந்தால் உங்கள் வரைபு இரண்டரை மணி நேரம் தள்ளிப்போய், உச்சி வெயில் பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல் வருவதாகக் காட்டும். நமது நேரம் உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரை மணி முந்தியது. யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சிக்கு வருவது நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்குச் சற்று முன்னரும், பெப்ரவரியில் 12.20 ஐக் கடந்தும் ஆகும். முகிலில்லாத நாளில் தெற்குப் பார்த்த பனலின் உச்சம் இந்த நேரத்தை ஒட்டி விழுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, பனல்களின் மொத்தக் கிலோவாற். மூன்றாவது, உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள அலகு விலை. 2016 இல் தொடங்கிய "சூரிய பல சங்கிராமய" திட்டத்தில், வீடு பாவித்தது போக மிஞ்சும் மின்னுக்குக் காசு பெறும் நெற் அக்கவுண்டிங் முறையில் சேர்ந்தவர்களுக்கு முதல் 7 வருடம் 22 ரூபாவும் அடுத்த 13 வருடம் 15.50 ரூபாவும் என்று விலை இருந்தது. பின்னர் சேர்ந்தவர்களின் விலை வேறு. செயலி தானாகப் போட்டுக்கொள்ளும் விலையை நம்பி வருமானத்தைக் கணக்கிட வேண்டாம். நான்காவது, நாணயம் ரூபாவில் இருக்கிறதா என்பது.

தரவை அனுப்பும் சிறு டொங்கிள் பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். புதிய றவுட்டரின் 5 கிகாஹேட்ஸ் பெயரை எத்தனை தடவை தெரிவு செய்தாலும் அது பிடிக்காது. சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய வீடுகளின் தடித்த சுவர்களைத் தாண்டி விறாந்தைக்கு வெளியே உள்ள இன்வேட்டருக்குச் சைகை போய்ச் சேர்வதும் கடினம். இரவில் "தொடர்பில் இல்லை" என்று செயலி காட்டினால் பதற வேண்டியதில்லை. பல டொங்கிள்கள் இன்வேட்டரிலிருந்தே மின்னை எடுப்பதால் சூரியன் மறைந்ததும் அவையும் உறங்கிவிடும். காலை எட்டு மணியாகியும் அதே நிலை நீடித்தால்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

இனி வரைபு. மழை கழுவிவிட்ட, முகிலற்ற ஒரு நாளைத் தெரிந்தெடுங்கள். தைப்பொங்கலை அடுத்து வரும் வாரங்களில் அப்படிப்பட்ட நாட்கள் கிடைக்கும். அன்றைய வரைபு கவிழ்த்து வைத்த சிரட்டையைப் போல, காலை ஆறரை அளவில் மெல்லத் தொடங்கி நண்பகலில் வளைந்து மாலை ஆறு மணிக்குள் அடங்கும். அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களை அளக்க அதுதான் உங்கள் அளவுகோல். 5 கிலோவாற் தொகுதி உள்ள வீட்டில் நண்பகலில் 5 கிலோவாற் தெரியவில்லையே என்று பலர் முறையிடுகிறார்கள். பனலின் மேல் எழுதிய வலு, அதன் வெப்பநிலை 25 பாகை செல்சியசாக இருக்கும்போது அளந்தது. நமது கூரையில் பங்குனி வெயிலில் பனலின் வெப்பநிலை 60 பாகையைத் தாண்டும். 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை வலு குறைவதால், சூட்டினால் மட்டும் பத்துச் சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. சிரட்டையின் தலை சீவியதுபோல் நண்பகலில் நேர்கோடாக இருந்தால், இன்வேட்டரின் அளவை விடப் பனல்களின் அளவு கூடவாக இருக்கிறது என்று பொருள். இதுவும் பழுது அல்ல.

முகில் நாட்களில் வரைபு பனை மட்டையின் கருக்குப் போலப் பல்லுப் பல்லாக வரும். பற்களின் உயரமும் இடைவெளியும் ஒழுங்கற்றிருக்கும். முகில் மூடினாலும் பரவிய ஒளி இருப்பதால் கோடு அடிமட்டம் வரை போகாது. இந்த இரண்டு அடையாளங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பழுதை இனங்காண்பது எளிது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். பன்னிரண்டு பனல்கள், ஆறு ஆறாக ஒன்றோடொன்று வரிசையாக இணைத்த இரண்டு தொடர்கள். ஒரு பருவத்தில் நாளாந்த உற்பத்தி 21 அலகிலிருந்து 20 ஆக இறங்கியது. தூசியாக்கும் என்று இரண்டு மாதம் விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் செயலியில் மொத்த உற்பத்தியை விட்டு, தொடர்களின் மின்னோட்டத்தைத் தனித்தனியாகத் திறந்து பார்த்தேன். நண்பகலில் இரண்டும் 10 அம்பியர் அளவில் சோடியாகப் போய்க்கொண்டிருந்தன. 2.40 க்கு இரண்டாவது தொடர் மட்டும் படியிறங்கியதுபோல் விழுந்து, ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தது. முந்தின நாளும் 2.40, அதற்கு முந்தின நாளும் 2.40. முகில் மணி பார்த்து வருவதில்லை. அடுத்த நாள் அந்த நேரத்துக்கு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, மேற்கு வேலிக்கரையில் நின்ற வேம்பின் கொப்பு ஒன்று மூன்று பனல்களின் மேல் நிழல் விரித்திருந்தது. வேம்பு பக்கத்து வீட்டு அண்ணையின் வளவுக்குள் நின்றது. அவரிடம் கேட்டபோது, "தம்பி, நிழலுக்கெண்டு வைச்ச மரம், அந்தக் கொப்பை மட்டும் பாத்து வெட்டு" என்றார். வெட்டிய மறுநாள் இரண்டு கோடுகளும் மாலை வரை ஒன்றாகவே போயின.

அதனால் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதைத்தான். மொத்த எண்ணைப் பார்க்கும் நேரத்தில் பாதியைத் தொடர்களை ஒப்பிடுவதில் செலவிடுங்கள். ஒரே திசை பார்த்த இரண்டு தொடர்களில் ஒன்று நாள் முழுவதும் குறைவாக இருந்தால், அது அழுக்காகவோ, பறவை எச்சமாகவோ, இளகிய இணைப்பாகவோ இருக்கலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் மட்டும் குறைந்தால் அது நிழல். நிழல் பருவத்தோடு இடம் மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் சூரியன் தலைக்கு நேரே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே நிற்கும். மார்கழியில் ஒரு தொல்லையும் தராத வடபுறத்துத் தண்ணீர்த் தாங்கி, ஆனி மாதக் காலையிலும் மாலையிலும் தன் நிழலைப் பனலின் மேல் நீட்டுவது இதனால்தான்.

இன்னொரு வகைக் குறை, நல்ல வெயில் நாளில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் கோடு செங்குத்தாகப் பூச்சியத்துக்கு விழுந்து, சில நிமிடம் கழித்து மீண்டும் எழுவது. இது முகிலுமல்ல, நிழலுமல்ல. மின்வழியின் அழுத்தம் கூடியதால் இன்வேட்டர் தானே விலகிக்கொள்கிறது. நமது வழங்கலின் அளவு 230 வோல்ற், அதிலிருந்து 6 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்படுகிறது. அதாவது மேல் எல்லை ஏறக்குறைய 244 வோல்ற். ஒரே மின்மாற்றியில் பல சோலார் வீடுகள் இருந்து, ஞாயிற்றுக்கிழமைபோல் பாவனை குறைந்த பகலில் எல்லோரும் ஒரே நேரத்தில் மின்னைத் தள்ளும்போது, வழியின் கடைசியில் உள்ள வீடுகளில் அழுத்தம் இன்வேட்டருக்குக் குறித்த எல்லையைத் தாண்டிவிடும். செயலியில் மாற்றோட்ட மின்னழுத்தத்தின் வரைபைத் திறந்து, விழுந்த நேரங்களில் அது எவ்வளவு இருந்தது என்று குறித்து, ஒரு வாரத்துத் திரைப்பிடிப்புகளோடு உங்களுக்கு மின் வழங்கும் நிறுவனத்தின் பிரதேச அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். "சோலார் சரியாக வேலை செய்யவில்லை" என்ற வாய்முறைப்பாட்டை விடத் திகதியும் மணியும் வோல்ற்றும் எழுதிய ஒரு தாள் பலமானது. இன்வேட்டரின் எல்லையை யாராவது களவாக உயர்த்தித் தருவதாகச் சொன்னால் ஒப்ப வேண்டாம். வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் அந்த அழுத்தத்தைத்தான் தாங்க வேண்டியிருக்கும்.

மின்தடை நேரத்திலும் கோடு பூச்சியத்துக்குப் போகும். மின்கலம் இல்லாத தொகுதிகள், வழியில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காகத் தாமே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டவை. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் மின் தடைப்பட்ட நாளின் வரைபை எடுத்துப் பாருங்கள், அந்த இடம் வெட்டியதுபோல் தெரியும். அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. அப்படி நிறுத்திய நாட்களைக் கொப்பியில் குறித்து வையாவிட்டால், பின்னர் சித்திரையோடு சித்திரையை ஒப்பிடும்போது கணக்குப் பிழைக்கும்.

மாரியில் வரும் குறை வேறு. இரவு மழைக்குப் பின் வரைபு காலை ஆறரைக்குப் பதிலாக ஒன்பது மணிக்குத் தொடங்கி, செயலியில் "ஐசோலேஷன்" என்ற எச்சரிக்கை வந்தால், எங்கோ ஓர் இணைப்புக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. வெயில் ஏறிக் காய்ந்ததும் தானே சரியாகிவிடுவதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. தொடரில் ஓடும் நேரோட்டம் சில நூறு வோல்ற் கொண்டது. நீங்கள் கூரையேறி இணைப்பைக் கழற்றாமல், எச்சரிக்கையின் படத்தை எடுத்துத் தொழிநுட்பவியலாளரை அழையுங்கள்.

சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையிலான வரட்சியில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய் வீடுகளில் புழுதி படியும். பருத்தித்துறையிலும் தீவுப் பகுதியிலும் உப்புப் படியும். முகிலற்ற இரண்டு நாட்களின் வரைபை மேலொன்று கீழொன்றாக வைத்து, வடிவம் மாறாமல் சிரட்டை முழுவதும் தாழ்ந்திருந்தால் கழுவும் காலம் வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரை அடித்துவிட்டு அப்படியே காயவிடுவது நமது ஊரில் பெரிய பிழை. சுண்ணாம்பு நிறைந்த தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படை பிடிக்கும். அது புழுதியை விடப் பொல்லாதது. சேமித்த மழைநீரைப் பயன்படுத்துங்கள். அது இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, ரப்பர்த் தடியால் உடனே வழித்துவிடுங்கள். சூடேறிய கண்ணாடியில் குளிர்நீர் படக்கூடாது என்பதால் விடியற்காலையில் கழுவ வேண்டும். கழுவிய திகதியைக் குறித்தால், அது எத்தனை அலகை மீட்டுத் தந்தது என்பது அந்த வாரத்திலேயே தெரியும்.

மாதக் கணக்குக்கு ஓர் எளிய வழி உண்டு. மாத உற்பத்தியைப் பனலின் கிலோவாற்றால் வகுங்கள். இலங்கையில் ஒரு கிலோவாற் மாதத்துக்கு 100 முதல் 120 அலகு தரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரை அதற்குக் கீழே போவது இயல்பு. ஆகவே கார்த்திகையைப் பங்குனியோடு ஒப்பிடாமல், போன வருடக் கார்த்திகையோடு ஒப்பிடுங்கள். பனல்கள் முதுமையால் இழப்பது வருடத்துக்கு ஏறக்குறைய அரைச் சதவீதம்தான். அதை விடப் பெரிய இறக்கம் என்றால் காரணம் தேட வேண்டும்.

செயலியின் எண்ணும் மின்மானியின் எண்ணும் பொருந்தவில்லை என்று சண்டைக்குப் போகுமுன் இரண்டும் எதை அளக்கின்றன என்று பாருங்கள். செயலி காட்டுவது முழு உற்பத்தி. மிஞ்சியதை அலகாகவே வரவு வைக்கும் நெற் மீற்றறிங் வீடுகளிலும் நெற் அக்கவுண்டிங் வீடுகளிலும் மின்மானியின் ஏற்றுமதி என்பது வீடு பாவித்தது போக மிஞ்சியது. மாதம் 560 அலகு விளைந்து, 410 வெளியே போயிருந்தால், 150 ஐப் பகலில் நீங்களே பாவித்திருக்கிறீர்கள். இரவில் வழியிலிருந்து 120 எடுத்திருந்தால் வீட்டின் மொத்தப் பாவனை 270. முழுவதையும் விற்கும் நெற் பிளஸ் வீட்டில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். இன்வேட்டரின் அளவி மின்மானியைப் போலத் துல்லியமானதல்ல என்பதால் சில சதவீத வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். மானி வாசிப்பவர் வந்த அன்று மாலையே செயலியின் மொத்த எண்ணையும் எழுதி வைத்தால்தான் இந்த ஒப்பீடு சரியாக வரும்.

பனலின் ஆயுள் 25 வருடம், இன்வேட்டர் அவ்வளவு நாள் தாங்காது. நடுவில் அதை மாற்றும்போது செயலியும் மாறி, பழைய தரவு கைவிட்டுப் போகக்கூடும். ஆகவே ஒவ்வொரு ஜனவரியிலும் முடிந்த வருடத்தின் மாதாந்த உற்பத்தியைச் செயலியிலிருந்து கோப்பாக இறக்கி, ஒப்பந்தப் பத்திரத்தின் பிரதியோடு ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.