பழைய பிக் பீட் சிடியை வாங்கி அறுபடாமல் கேட்பது எப்படி

டர்பனில் பழைய பொருள் கடைகளிலும், வீட்டைக் காலி செய்வோர் வாசலில் பரப்பி விற்கும் அட்டைப்பெட்டிகளிலும் தொண்ணூறுகளின் சிடிகள் இன்னும் கிடைக்கின்றன. அவற்றுள் தி கெமிக்கல் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் மின்னணு இசை ஜோடியின் முதல் ஆல்பமான ‘எக்ஸிட் பிளானட் டஸ்ட்’ உங்கள் கையில் பட்டால் விட்டுவிடாதீர்கள். அதன் முற்பாதிப் பாடல்கள் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதாக இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே ஓட்டமாகச் செல்கின்றன. அந்த ஓட்டம் எங்கும் அறுபடாமல் காதுக்கு வந்து சேர்வதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

அந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. அந்த ஜோடியான டாம் ரோலண்ட்ஸும் எட் சைமன்ஸும் 1989-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சந்தித்தவர்கள். 1994-இல் லண்டன் மதுக்கூடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஞாயிறுதோறும் நடந்த ‘ஹெவன்லி சோஷியல்’ நிகழ்ச்சியில் டிஜேக்களாக இசைத்தட்டுகளைச் சுழற்றிப் பெயர் பெற்றார்கள். ஹிப்ஹாப் முரசடி, ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையின் நெளியும் ஒலி, ராக் இசையின் முரட்டுத்தனம் ஆகியவற்றை ஒரே இரவில் கலந்து கொடுத்த பழக்கமே பிக் பீட் என்ற நடன இசை வகைக்கு உரமாயிற்று. அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் இருவரிடமிருந்து எடுத்த ‘டஸ்ட் பிரதர்ஸ்’ என்ற பெயரை அவர்களின் எதிர்ப்பால் கைவிட நேர்ந்தது. 1995 ஜூனில் வெளிவந்த ஆல்பத்தின் தலைப்பு அந்தப் பெயருக்குச் சொன்ன பிரியாவிடைதான். ஆகவே இதை ஓர் இரவின் வரிசையாகக் கேட்க வேண்டுமே தவிர, பாடல் பாடலாகப் பொறுக்கிக் கேட்கக் கூடாது.

வாங்கும்போது எல்லோரும் மின்னும் அடிப்பக்கத்தையே பார்க்கிறார்கள். நான் முதலில் மேற்பக்கத்தைப் பார்ப்பேன். தட்டின் 1.2 மில்லிமீட்டர் தடிமனில் ஏறத்தாழ முழுவதும் தெளிந்த பாலிகார்பனேட். இசையைத் தாங்கும் நுண்குழிகளும் அவற்றின் மேல் படிந்த அலுமினியப் படலமும் அச்சிட்ட பக்கத்தை ஒட்டியே இருக்கின்றன. அவற்றுக்குக் காவல் ஒரு மெல்லிய பூச்சு மட்டுமே. அடிப்பக்கத்தில் நகத்தில் தட்டாத கீறலுக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் மேற்பக்கத்தில் பேனா முனை அழுத்திய ஒரு புள்ளி அந்த இடத்து இசையையே கொண்டுபோயிருக்கலாம். அச்சிட்ட பக்கம் உங்களை நோக்க, தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தட்டு முழுவதும் ஒரே சீராக மங்கிய ஒளி கசிந்தால் அது குற்றமன்று. ஊசி குத்தியது போலப் பொட்டுப்பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் படலம் அங்கே போய்விட்டது என்று பொருள், அதை மீட்க வழியில்லை. அடிப்பக்கம் நீலமோ பச்சையோ கலந்த நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் கணினியில் எரித்த நகல். அச்சகத்தில் வார்த்த தட்டு வெள்ளிநிறமாகவும், நடுத்துளையைச் சுற்றிய வளையத்தில் குறியெண் பொறிக்கப்பட்டதாகவும் இருக்கும்.

கீறல் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். லேசர் உள்ளிருந்து வெளியே படித்துச் செல்கிறது. இந்த ஆல்பம் 11 பாடல்கள், ஏறத்தாழ 49 நிமிடம். தட்டின் கொள்ளளவோ 74 நிமிடம். எனவே விளிம்போரத்தில் நிறம் சற்று மாறித் தெரியும் வளையத்தில் பெரும்பாலும் இசையே இல்லை, அங்கே கைபட்டுத் தேய்ந்திருந்தாலும் கவலையில்லை. நாம் காக்க விரும்பும் அந்தத் தொடர் ஓட்டம் முழுவதும், இசை தொடங்கும் உள்வட்டத்தில் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் அகலப் பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு பிரதிகள் கிடைத்தால், நடுப்பகுதி சுத்தமாக உள்ளதை எடுங்கள்.

தூய்மை செய்வதில்தான் நல்ல தட்டுகள் பாழாகின்றன. என் முதல் பிரதியை நானே அப்படிக் கெடுத்தேன்: கண்ணாடி துடைப்பது போல வட்டவட்டமாகத் துடைத்தேன், அதற்குப் பிறகு மூன்றாம் பாடல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விக்கியது. தட்டில் தடம் சுருளாகச் செல்கிறது. படிக்கும் கருவி, தடத்தின் நீளவாக்கில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வரை தொலைந்த தகவலைக் கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கோடு தடத்தைக் குறுக்கே ஒரு நொடிப்பொழுது வெட்டுவதோடு சரி. தடத்தோடு சேர்ந்து வளையும் கோடோ அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டு நனைத்து, பழைய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக ஒற்றித் துடையுங்கள். கீறலைத் தேய்த்துப் போக்கப் பற்பசை வேண்டாம்.

இனிக் கேட்பது. பாடல்களைக் கலைத்துப் போடும் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பேஸ் கூட்டும் பொத்தானையும் அணையுங்கள். இந்த இசையின் முரசு ஏற்கெனவே நசுக்கித் தடிக்க வைக்கப்பட்டது, அதற்கு மேல் கூட்டினால் முரசும் பேஸும் ஒரே குழம்பாகிவிடும். டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதி வீடுகளின் சிறிய வரவேற்பறைகளில் ஸ்பீக்கரை மூலையில் தள்ளி வைப்பது வழக்கம். அதைச் சுவரிலிருந்து இரண்டு சாண் முன்னே இழுத்து வைத்தாலே அடித்தொனி தெளிந்துவிடும். தைப்பூசக் காவடியில் தவிலுக்குப் பக்கத்தில் நடந்தவர்களுக்கு இந்தத் தாளம் அந்நியமாக இராது. கோல் விழும் கனத்த அடி ஒரு பக்கம், விரற்கூடுகளின் சிதறல் மறுபக்கம் என்று இரண்டையும் பிரித்துக் கேட்கும் காது அவர்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது. அந்தக் காதோடு முதல் பாடலை அணுகுங்கள். ஒரு குரல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல, முரசு வந்து விழும் தருணம் வரை ஒலியளவைக் குறைவாகவே வைத்திருங்கள். ஆறாம் பாடலுக்குப் பின் வேகம் தணிகிறது. ஒன்பதில் தி சார்லட்டன்ஸ் ராக் குழுவின் டிம் பர்ஜெஸும், பதினொன்றில் பாடகி பெத் ஆர்ட்டனும் பாடுகிறார்கள். முற்பாதியை நிறுத்தாமல் கேட்டவருக்கே அந்த இறுதிப் பாடலின் சோர்வும் இனிமையும் முழுமையாகப் புரியும்.

மின்வெட்டு வந்தால் இயந்திரத்தின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்சாரம் திரும்பும்போது பாயும் அதிர்ச்சி பழைய இயந்திரங்களுக்கு ஆகாது. கோடையில் தட்டைக் காருக்குள் விட்டுச் செல்ல வேண்டாம்.

சொந்தக் கேட்புக்குக் கணினியில் ஏற்றி வைப்பதானால் எம்பி3 வேண்டாம். அந்த முறை ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கடுகளவு மௌனத்தைச் சேர்த்துவிடுகிறது. தனிப் பாடல்களில் தெரியாத அந்த மௌனம் இங்கே ஒவ்வொரு இணைப்பிலும் தடுக்கி விழுவது போலக் கேட்கும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளால் படித்து, ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். ஏறத்தாழ 520 எம்பி அளவுள்ள ஒலி, ஒரு துளியும் இழக்காமல் அதைவிடக் குறைந்த இடத்தில் அடங்கிவிடும். முடிந்ததும் முதல் பாடலின் கடைசிப் பத்து நொடியிலிருந்து ஓட விடுங்கள். இரண்டாம் பாடலுக்குள் நுழையும் இடத்தில் ‘டிக்’ என்ற ஒலி கேட்டால், ஒலிக்கும் செயலியில் இடைவெளியின்றி ஒலிக்கும் அமைப்பை முடுக்கிப் பாருங்கள். அப்போதும் கேட்டால் தட்டை மறுபடி துடைத்து, அந்த இரண்டு பாடல்களை மட்டும் மீண்டும் படியுங்கள்.